மாதவரம் – எண்ணூர், வழி: கொடுங்கையூர்

நீளம் அரை மில்லிமீட்டர். பருமன், தலைமுடியில் ஐந்தில் ஒரு பங்கு. நைட்டியில் மற்ற இழைகளோடு சேர்ந்து இருந்தவரை ஊதா நிறம். தனியே பிரிந்தபின் நிறம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. இப்படியொரு பாலியஸ்டர் இழைக்கு வாழ்க்கை வரலாறு எதற்கு என்று கேட்கலாம். அது எதையும் சாதித்ததில்லை. ஆனால் அது போகும் வழியைப் பிடித்துக்கொண்டு போனால், சென்னை தன் அழுக்கை யார் வாசலில் கொண்டுபோய் வைக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இந்த ஒற்றை இழையின் பின்னால் யாரும் நடந்து போனதில்லை. இது மாதிரிக்காக எடுத்துக்கொண்ட இழை. ஆனால் அதன் பயணத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் உலகில் ஏதாவது ஓர் ஆய்வகம் அளந்து பார்த்திருக்கிறது. அது போகும் வாய்க்காலும் கழிமுகமும் வடசென்னைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தினமும் கடப்பவை.

பிறப்பு

பூர்வீகம் கச்சா எண்ணெய். 1941இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பக்கம், துணி அச்சிடும் கம்பெனி ஒன்றின் ஆய்வகத்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் இந்தக் குலத்தை உருவாக்கினார்கள். டெரிலின் என்ற பெயரில் அது உலகைச் சுற்றியது. நம் வீடுகளுக்குள் டெரிலின் சட்டையாகவும் பிறகு பருத்தியோடு கலந்து டெரிகாட்டனாகவும் நுழைந்தது. கசங்காது, சாயம் போகாது, மழைக்காலத்திலும் அரை நாளில் காய்ந்துவிடும், இஸ்திரிக்காரரைத் தேட வேண்டாம். மாப்பிள்ளைக்கு டெரிலின் சட்டை எடுப்பது அந்தஸ்தாக இருந்த காலம் ஒன்று உண்டு. இன்று அதே சரக்கு பள்ளிச் சீருடையாகவும் லெக்கின்ஸாகவும் நைட்டியாகவும் மிகச் சாதாரணமாகிவிட்டது.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தீபாவளிக்கு முந்தைய வாரம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வாங்கும் துணியில் எவ்வளவு பருத்தி, எவ்வளவு பாலியஸ்டர் என்று யாரும் கேட்பதில்லை, விலைதான் பேச்சு. அந்தப் பேட்டையே துணி வெளுப்பவர்களால் உண்டானது. கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம். அன்று அவர்கள் அடித்துத் துவைத்ததும் இழையை உதிர்த்திருக்கும். ஆனால் அது பருத்தி. தண்ணீரில் கிடந்து, நுண்ணுயிர்கள் தின்று, இல்லாமல் போயிருக்கும்.

பாலியஸ்டரைத் தின்னத் தெரிந்த நுண்ணுயிர் நம் சாக்கடைகளில் குடும்பம் நடத்துவதில்லை. கசங்காமலும் மக்காமலும் இருப்பது உடுத்தும்வரை நல்ல குணம். உதிர்ந்த பிறகு அதுவே தொல்லை.

மாதவரம்

மாதவரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஆந்திரா போகும் பஸ் நிலையம், நகரத்துக்குப் பால்பண்ணை. 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. அதற்கு முன்பே ஏரிப் பாசன நிலங்கள் மனைகளாகிவிட்டன. பிறகு மனைகள் அடுக்குமாடிகளாயின. ரெட்டேரியும் மாதவரம் ஏரியும் மிஞ்சியிருக்கின்றன. அவற்றின் உபரி நீர் போன வாய்க்கால்களில் இப்போது வருஷம் முழுக்க வேறு நீர் ஓடுகிறது.

நம் இழை வீட்டை விட்டுக் கிளம்புவது அப்படியொரு குடியிருப்பின் வாஷிங் மெஷினிலிருந்து. துணிகள் ஒன்றோடொன்று உரச, முறுக்கு தளர்ந்த நூல்களிலிருந்து இழைகள் அறுகின்றன. 2011இல் மார்க் பிரவுன் என்ற ஆய்வாளரும் சகாக்களும், ஒரே ஓர் உடுப்பு ஒரு சலவையில் 1,900 இழைகளுக்கு மேல் உதிர்க்கக்கூடும் என்று காட்டினார்கள். ஆறு கண்டங்களின் கடற்கரைகளில் அவர்கள் எடுத்த மணலில் கிடந்த இழைகளும், சுத்திகரித்த கழிவுநீரில் வந்த இழைகளும் ஒரே சாதியாக இருந்தன. அதுவரை கடலில் கிடக்கும் பிளாஸ்டிக் என்றாலே பையும் பாட்டிலும் உடைந்து நொறுங்கியது என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். குற்றவாளிப் பட்டியலில் சட்டையும் சேர்ந்தது அப்போதுதான். 2016இல் பிளிமத் பல்கலைக்கழகத்தில் நேப்பரும் தாம்சனும் போட்ட கணக்கு இன்னும் பெரியது: ஆறு கிலோ பாலியஸ்டர் துணியை ஒருமுறை துவைத்தால் ஏறக்குறைய 4 லட்சத்து 96 ஆயிரம் இழைகள், பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த துணியென்றால் 1 லட்சத்து 38 ஆயிரம்.

கையால் துவைத்தால்? 2023இல் வெளியான ஒரு சீன ஆய்வு இதையும் பார்த்துவிட்டது. ஒரே வகைப் பாலியஸ்டர் துணி மெஷினில் சராசரியாக 23,723 இழைகளை விட்டது. கையில் கசக்கியபோது 1,853. ஆனால் துவைக்கும் பலகையில் தேய்த்தால் அந்த எண்ணிக்கை ஏறியது. துவைக்கும் கல்லின் ஆதரவாளர்கள் முழு வெற்றி கொண்டாட வேண்டாம்.

மெஷினில் இழையோடு சுழலும் சோப்புத்தூளுக்கும் இந்த வட்டாரத்தோடு உறவு உண்டு. சலவைத்தூளில் அழுக்கை அகற்றும் முக்கியப் பொருளுக்கு மூலமான லீனியர் அல்கைல் பென்சீனை மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் ஆலை தயாரிக்கிறது.

மெஷினிலிருந்து வெளியேறும் நீருக்கு மாதவரத்தில் இரண்டு வழி. பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கும் வீடென்றால் குழாய், மேன்ஹோல், உந்து நிலையம், கொடுங்கையூர். இணைப்பு இல்லாவிட்டால் செப்டிக் டேங்க், அது நிறைந்தால் கழிவுநீர் லாரி. குளியல், துணி துவைத்த தண்ணீரைச் செப்டிக் டேங்குக்கு விட்டால் சீக்கிரம் நிறைந்துவிடும் என்று தெருவோர மழைநீர் வடிகாலில் விட்டுவிடும் வழக்கமும் பரவலாக இருக்கிறது. அந்த இழைகள் எந்தச் சுத்திகரிப்பையும் சந்திக்காமல் நேராக வாய்க்காலுக்குப் போய்விடும். நம் இழை முறையான வழியில் போகட்டும். கதை அங்கேதான் சிக்கலாகிறது.

கொடுங்கையூர்

நகரின் வடபகுதிக் கழிவுநீர் வந்து சேரும் இடம் கொடுங்கையூர். பக்கத்திலேயே பல தலைமுறைக் குப்பை மலையாகக் குவிந்த கிடங்கு. திடமாகக் கழித்ததும் திரவமாகக் கழித்ததும் ஒரே ஊருக்கு.

மெட்ரோ வாட்டரின் சுத்திகரிப்பு நிலையத்தில் முதலில் கம்பி வலைகள். துணிக்கந்தல், ஷாம்பு பாக்கெட், பான்பராக் உறை எல்லாம் அங்கே நிற்கும். மில்லிமீட்டர் கணக்கில் உள்ள அந்த இடைவெளிகள் நம் இழைக்கு விரியத் திறந்த கதவுகள். அடுத்து மணல் படியும் தொட்டி. பாலியஸ்டர் தண்ணீரைவிட 1.38 மடங்கு அடர்த்தியானது. விதிப்படி மூழ்க வேண்டும். ஆனால் இத்தனை மெல்லிய இழை மூழ்குவதற்கு நேரம் பிடிக்கும், ஓட்டம் அதற்கு நேரம் தராது. பிறகு முதல்நிலைத் தெளிவுத் தொட்டி. மேலே மிதக்கும் எண்ணெய்ப் பிசுக்கில் பல இழைகள் ஒட்டிக்கொள்கின்றன, அடியில் படியும் சேற்றோடு பல போகின்றன.

தப்பியவை காற்றூட்டும் தொட்டிக்கு வருகின்றன. நிலையத்தின் இதயம் இதுதான். அடியிலிருந்து காற்றைச் செலுத்தி, கோடானுகோடி பாக்டீரியாக்களை மூச்சுவிட வைத்து, கழிவை அவற்றுக்குத் தின்னக் கொடுக்கிறார்கள். தின்ற பாக்டீரியாக்கள் பழுப்பு நிறத்தில் திரண்டு கட்டியாகின்றன. இழைகள் அந்தக் கட்டிகளில் சிக்கி அடுத்த தெளிவுத் தொட்டியில் அடியில் இறங்குகின்றன. பாக்டீரியா நம் இழையைத் தொடும், சுற்றிப் பிடிக்கும், கீழே இழுத்துப் போகும். தின்னாது.

எத்தனை பிடிபடும்? இதற்குப் பலரும் எடுத்துச் சொல்லும் கணக்கு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து வருகிறது. ஆறரை லட்சம் மக்களுக்கான ஒரு நிலையத்தை மர்ஃபி என்பவரின் குழு ஆராய்ந்து 2016இல் வெளியிட்டது. உள்ளே வரும் கழிவுநீரில் லிட்டருக்கு 15.70 துகள், வெளியே போவதில் 0.25. அதாவது 98.41 விழுக்காடு நீக்கம். எந்தப் பரீட்சையிலும் இது முதல் வகுப்புதான். ஆனால் அந்த நிலையம் ஒருநாளில் வெளியேற்றும் தண்ணீர் ஏறத்தாழ 26 கோடி லிட்டர். தப்பிய கால் துகளை அதனால் பெருக்கினால் நாளொன்றுக்கு ஆறரைக் கோடி நுண்துகள்கள் கிளைடு ஆற்றுக்குப் போகின்றன.

சென்னை சுத்திகரிப்பு நிலையங்களின் மொத்தக் கொள்ளளவு நாளொன்றுக்கு 70 கோடி லிட்டருக்கு மேல். கிளாஸ்கோ அளவுக்கு இங்கேயும் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், பத்துக் கோடி லிட்டர் வெளிவிடும் ஒரு நிலையம் தினம் இரண்டரைக் கோடித் துகள்களை அனுப்பும். இது பெருக்கல் கணக்கு மட்டுமே. நேரில் எண்ணிய கணக்கு அல்ல. கொடுங்கையூரில் அதை எண்ணும்படி எந்த விதியும் கேட்கவில்லை. வெளியேறும் நீரில் நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படும், மிதக்கும் திடப்பொருள் எவ்வளவு, மலக்கிருமி எவ்வளவு, அமில கார நிலை என்ன என்பவைதான் விதிகளில் உள்ளவை. இவை அழுகுவதையும் நோயையும் தடுக்க வந்த அளவைகள். நம் இழை அழுகாது, நோய்க்கிருமியும் அல்ல. நாலு பரீட்சையிலும் தேறி வெளியே வந்துவிடும்.

பிடிபட்டவற்றின் கதையையும் பார்த்துவிட வேண்டும். அவை அழியவில்லை, சேற்றுக்கு மாறியிருக்கின்றன. சேறு செரிப்புக் கலத்துக்குப் போகிறது. அங்கே எரிவாயு பிறக்கிறது, அதில் மின்சாரமும் எடுக்கிறார்கள். அந்தக் கலத்தின் இளஞ்சூடு, 260 டிகிரியில் உருகும் பாலியஸ்டரை ஒன்றும் செய்யாது. பிறகு சேறு உலர்கிறது. உலர்ந்த சேறு வயலுக்கு உரமாகப் போனால் இழையும் வயலுக்கு; குப்பைமேட்டுக்குப் போனால் இழையும் அங்கே. மழை வந்தால் இரண்டிலிருந்தும் வாய்க்காலுக்கு.

ஆகவே சுத்திகரிப்பு நிலையம் இழைகளுக்கு முடிவிடம் அல்ல, ஒரு சந்திப்பு நிலையம். சேற்றுக்கு எத்தனை, ஆற்றுக்கு எத்தனை என்று பிரித்து அனுப்புகிறது. பிளாஸ்டிக்கைக் குறைப்பது அதன் வேலையாக இருந்ததே இல்லை.

மூன்றாவது வழியும் ஒன்றுண்டு. 2019 முதல் கொடுங்கையூரில் நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் நீரை மூன்றாம் நிலையில் சுத்திகரித்து மணலி, எண்ணூர், மீஞ்சூர்த் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். குடிக்கும் தண்ணீரை ஆலைகளுக்குக் கொடுக்காமல் காப்பாற்றும் நல்ல திட்டம். மணல் வடிகட்டி, நுண்சவ்வு, அதன் பிறகு ஆர்.ஓ. என்று வரிசையாகப் பூட்டு. நுண்சவ்வின் துளைகள் மைக்ரானிலும் சிறு பின்னம். பதினாலு மைக்ரான் பருமனுள்ள நம் இழை அதில் நுழைய வழியே இல்லை. ஆக இந்த வட்டாரத்தில் இழையில்லாத் தண்ணீர் கிடைக்கிறது, கொதிகலன்களுக்கும் குளிர்விப்பான்களுக்கும். சவ்வு அடைபடாமலிருக்க அதைத் திருப்பிக் கழுவுகிறார்கள். அந்தக் கழுவுநீரை வழக்கமாக நிலையத்தின் தலைவாசலுக்கே திருப்புவார்கள். சவ்வில் பிடிபட்ட இழை, மறுபடி முதல் தொட்டியிலிருந்து தன் அதிர்ஷ்டத்தைப் பார்க்கும்.

கால்வாய்

நம் இழை தப்பியவற்றில் ஒன்று. இனி பக்கிங்ஹாம் கால்வாய். 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டத் தொடங்கி, பின்னர் வடக்கே ஆந்திரக் கரைவரையும் தெற்கே மரக்காணம்வரையும் நீண்டது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்தவர்களின் உழைப்பும் அதில் இருக்கிறது. விறகும் உப்பும் நெல்லும் படகில் வந்த பாதை. இப்போது அதில் சரக்குப் போக்குவரத்து நாம் பேசிக்கொண்டிருக்கும் சரக்கு மட்டும்தான்.

கிளாஸ்கோவுக்கும் இங்கேயும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டிய இடம் இது. கிளைடு வருஷம் முழுதும் தன் சொந்த நீரோடு ஓடும் ஆறு. ஆறரைக் கோடித் துகள் விழுந்தாலும் கலந்து நீர்க்க இடமுண்டு. எண்ணூரில் கடல் சேரும் நம் கொசஸ்தலையாற்றுக்குப் பூண்டியில் 1944இலேயே அணை வந்துவிட்டது. நகரம் குடிக்க வேண்டுமே. பூண்டிக்குக் கீழே மழைக்கால உபரி வந்தால்தான் ஆறு. சித்திரை வைகாசியில் வடசென்னையின் கால்வாய்களில் ஓடுவது சுத்திகரித்த நீரும் சுத்திகரிக்காத நீரும் மட்டுமே. நிலையம் ஆற்றில் எதை விடுகிறது என்ற கேள்வி வேறு ஊர்களுக்கு. இங்கே நிலையம் விடுவதுதான் ஆறு.

இந்தப் பாதை கண்ணுக்குத் தெரிந்த நாளும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து கசிந்த எண்ணெய் இதே பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கியது. வலை, படகு, அலையாத்தி மரம், கூழைக்கடா எல்லாவற்றின்மீதும் கறுப்புப் படலம். மீனவர்கள் கையால் வழித்தெடுத்தார்கள். எண்ணெய்க்கு நிறமும் நாற்றமும் இருந்ததால் கேமராக்கள் வந்தன. நம் இழை அதே வழியில் தினம் போகிறது.

வெள்ளம் என்ன செய்யும் என்பதற்கு இன்னொரு சாட்சி 2015. அந்த ஆண்டு மார்ச்சிலும் நவம்பர் மழைக்குப் பிறகும் சென்னைக் கடற்கரைகளில் கிடந்த பிளாஸ்டிக் குருணைகளை வீரசிங்கமும் சகாக்களும் ஒப்பிட்டார்கள். வெள்ளத்துக்குப் பின் எண்ணிக்கை பல மடங்கு. கூவமும் அடையாறும் தம் படுகையில் சேர்த்து வைத்திருந்ததைக் கடலுக்குக் கொடுத்திருந்தன. வறண்ட மாதங்களில் கால்வாய்ச் சேறு சேமிக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் மொத்தமாக அனுப்புகிறது.

எண்ணூர்

கழிமுகத்தில் ஓட்டம் தளர்கிறது, உப்பு கலக்கிறது. இதற்குள் நம் இழைமேல் பாசியும் பாக்டீரியாவும் படலமாகப் படர்ந்திருக்கும். கனம் கூடி மெல்ல இறங்கும். ஒரு பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல், ஒரு பக்கம் துறைமுகம், நடுவே கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் மக்கள்.

ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகமும் சென்னை ஐஐடியும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வு, அடையாறு, கொசஸ்தலையாறு, முட்டுக்காடு மூன்றிலும் நுண்பிளாஸ்டிக்கைக் கண்டது. சராசரியாக லிட்டருக்கு 0.4 துகள். பத்துக் குடம் தண்ணீர் எடுத்தால் ஐம்பது அறுபது. சிறிய எண்தான். ஆனால் ஆழி என்னும் சிப்பிக்கு அது சிறியதல்ல. ஆழி நாளெல்லாம் தண்ணீரை உறிஞ்சி வடிகட்டியே பிழைக்கும் உயிர். சென்னைக் கரையின் பச்சை ஆழிகளுக்குள் நுண்பிளாஸ்டிக் இருப்பதை ஆய்வாளர்கள் 2019இலேயே எழுதிவிட்டார்கள். மடவை மீன் சேற்றின் மேல்தோலை மேய்ந்து வயிறு நிரப்புவது. சேற்றில் இருப்பது மடவையில் இருக்கும்.

அண்மை ஆண்டுகளில் எண்ணூர், பழவேற்காடு நீர்நிலைகளை ஒரு புதிய ஆழி ஆக்கிரமித்திருக்கிறது. தென்னமெரிக்கக் கரைகளைச் சேர்ந்தது. மீனவர்கள் வைத்த பெயர் காக்கா ஆழி. கம்பளம்போலப் படுகையை மூடி, மஞ்சள் மட்டியையும் இறாலின் மேய்ச்சலையும் நெரிக்கிறது. இதுவும் வடிகட்டித் தின்பதுதான். ஆழி இனங்கள் தமக்கு ஆகாத துகளைச் சளியில் சுற்றி வெளியே துப்பிவிடும். துப்பியது அடியில் படியும். கொடுங்கையூரில் பாக்டீரியா செய்த அதே வேலை, கூலியில்லாமல், கழிமுகத்தின் அடியில் தொடர்கிறது. இங்கேயும் இழை சேருமிடம் சேறுதான்.

எங்கே நிறுத்துவது

பயணம் முழுதையும் பார்த்தபின் ஒன்று தெளிவாகிறது. இழை எந்த நிறுத்தத்திலும் அழிவதில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அது கூடுதலாகச் சிதறுகிறது. மெஷினுக்குள் இருக்கும்போது ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். கொடுங்கையூரில் அதைப் பிடிக்க நூற்றுக்கணக்கான கோடி ரூபாய்ச் சவ்வு தேவை. எண்ணூரில் பிடிக்க வழியே கிடையாது.

கனடாவின் ஒன்டாரியோவில் பாரி சவுண்டு என்ற சிற்றூரில் இழையை மெஷினிலேயே பிடித்துப் பார்த்தார்கள். 97 வீடுகளின் வாஷிங் மெஷின்களில் வடிகட்டி பொருத்தினார்கள். ஊரின் வீடுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரில் நுண்ணிழைகள் சராசரியாக 41 விழுக்காடு குறைந்ததாக 2021இல் எழுதினார்கள். பிரான்ஸ் 2020இலேயே புது மெஷின்களில் வடிகட்டி இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 கழிவுநீர் விதி, நிலையத்துக்குள் வருவதிலும் வெளியேறுவதிலும் சேற்றிலும் நுண்பிளாஸ்டிக்கைக் கண்காணிக்கச் சொல்கிறது.

தமிழ்நாடு பிளாஸ்டிக் விஷயத்தில் பின்தங்கிய மாநிலம் அல்ல. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தது, மஞ்சப்பையைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் கையில் தூக்கும் பையைப் பார்த்த சட்டம் உடம்பில் உடுத்தும் பிளாஸ்டிக்கைப் பார்க்கவில்லை. உடையைத் தடை செய்ய முடியாது, செய்யவும் கூடாது. எம்.சி. ரோட்டில் இருநூறு ரூபாய்க்கு நைட்டி வாங்குகிறவரிடம் கைத்தறி உடுத்தச் சொல்வது அறிவுரையல்ல, திமிர். துணியை உதிராதபடி நெய்வது ஆலையின் கடன். வடிகட்டியோடு மெஷினை விற்பது கம்பெனியின் கடன். அதைக் கட்டாயமாக்குவது அரசின் கடன்.

வீட்டின் பங்கு சின்னது, ஆனால் இன்றைக்கே செய்யக்கூடியது. மெஷின் நிறையத் துணி போட்டு, குளிர்ந்த நீரில், குறைந்த நேரம் ஓட்டினால் உரசல் குறையும். பல மெஷின்களுக்குள் இழை சேரும் சிறு வலைப்பை இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றி, நாம் குழாயடியில் அலசிவிடுகிறோம். பிடித்ததைக் கையோடு சாக்கடைக்கே அனுப்பும் வேலை அது. அந்தப் பஞ்சைக் காயவைத்து உலர்குப்பையில் போட வேண்டும். குப்பையும் கடைசியில் கொடுங்கையூருக்குத்தான் போகும் என்பது உண்மை. ஆனால் மூட்டையாகக் கிடப்பதைத் தோண்டி எடுக்கலாம், தண்ணீரில் கலந்ததை எடுக்க முடியாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் எண்ண வேண்டும். கொடுங்கையூரின் நீர்ச் சோதனை அறிக்கையில் ஆக்சிஜன் தேவைக்கும் மலக்கிருமிக்கும் ஒதுக்கிய வரிசைகளுக்குக் கீழே இன்னொரு வரிசை போதும்: லிட்டருக்கு எத்தனை இழை. மாதவரத்திலேயே கால்நடை அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது, மீன்வளக் கல்வி வளாகம் இருக்கிறது. நுண்ணோக்கிக்கும் படித்த கண்களுக்கும் பஞ்சமில்லை. அந்த எண் வெளியே வந்துவிட்டால், எண்ணூர்க்காரர்கள் மனு கொடுக்கப் போகும்போது அதைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.